ஓலைவிடுதிக் கிணற்றின் பூர்வீகம்

கச்சா எண்ணெய் எப்படி உண்டானது என்று தெரியாமலே பரிமளா நாற்பத்தாறு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். அது தெரிந்தே ஆகவேண்டும் என்று இரண்டு ஜீப் நிறைய ஆட்கள் அவள் கொட்டகை வாசலில் வந்து இறங்கியது முந்திரி சீசன் தொடங்கிப் பத்தாம் நாள்.

ஆதனக்கோட்டையைத் தாண்டித் தஞ்சாவூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஓலைவிடுதி. அங்கே ரோட்டோரமாக ஒரு கீற்றுக் கொட்டகை, அதன் முன்னால் ஓர் அடுப்பு, அடுப்பின்மேல் அடியில் ஓட்டை போட்ட இரும்புச் சட்டி. பரிமளா முந்திரிக் கொட்டையை அதில் கொட்டி வறுப்பாள். கொட்டையின் தோலிலிருந்து கறுப்பு எண்ணெய் கசிந்து தீப்பிடிக்கும். தண்ணீர் தெளித்து அணைத்து, கட்டையால் தட்டிப் பருப்பை எடுத்து, காரில் போகிறவர்களுக்கு விற்பாள். புருஷன் ரெங்கசாமி பன்னிரண்டு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு முதுகுவலியோடு திரும்பி வந்தவர். குனிந்து ஒரு செம்பைக்கூட எடுக்க முடியாது. ஆகவே சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாசமும் இந்த அடுப்பு எரிந்தால்தான் வீட்டு அடுப்பு வருஷம் பூராவும் எரியும்.

கொட்டகைக்குப் பின்னால் வற்றிப்போன ஒரு பழைய கிணறு. மாமியார் காலத்திலிருந்தே முந்திரித் தோலையெல்லாம் அதில்தான் கொட்டுவது. அந்தச் சித்திரையில் கோடை மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. கிணற்றில் தண்ணீர் ஏறி, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பு எண்ணெய் மிதந்தது. பரிமளா எட்டிப் பார்த்தாள், தோல் எண்ணெய் மேலே வந்துவிட்டது என்று நினைத்தாள், வேலையைப் பார்க்கப் போனாள். எதிர்த்த டீக்கடை சிவசாமிதான் எட்டிப் பார்த்ததோடு நிற்காமல் செல்போனில் படம் பிடித்து, 'எங்கள் ஊரில் எண்ணெய் ஊற்று' என்று எழுதி ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

வந்தவர்கள் நிலநெய்த் தோற்ற நிர்ணய வாரியத்தைச் சேர்ந்தவர்கள். அப்படி ஒரு வாரியம் இருப்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்காக வருத்தப்பட வேண்டாம், அரசாங்கத்துக்கே நடுநடுவே மறந்துபோய்விடும். நிலநெய் என்கிற கச்சா எண்ணெய் எப்படி வந்தது என்று முடிவு செய்துவிட்டால் எங்கே இருக்கிறது என்று தேடுவது சுலபம் என யாருக்கோ தோன்றி, முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அதைத் தொடங்கினார்கள். வாரியத்துக்குள் இரண்டு பிரிவு. கடலில் வாழ்ந்து செத்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேற்றில் புதைந்து, கோடிக்கணக்கான வருஷம் வெந்து எண்ணெயாயின என்பது உயிர்ப் பிரிவு. உயிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பூமியின் ஆழத்தில் பாறைக்குள்ளேயே தானாக உண்டாகி மேலே வருவது என்பது பாறைப் பிரிவு. உலகத்தில் இதைப் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் கட்சிதான். ஆனால் வாரியம் எல்லோரையும் சமமாக நடத்துகிற வாரியம். ஆகவே இரண்டு பிரிவுக்கும் சரிபாதி நாற்காலி, ஆளுக்கொரு இணை இயக்குநர், ஆளுக்கொரு ஜீப். இந்த முப்பத்தொரு வருஷத்தில் வாரியம் தன் கண்ணால் ஒரு சொட்டு எண்ணெயையும் பார்த்ததில்லை. பார்த்தால் விவாதம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று உள்ளே ஒரு கருத்தும் இருந்தது.

முதல் ஜீப்பிலிருந்து உயிர்ப் பிரிவின் முனைவர் அன்புமொழி இறங்கினார். கண்ணாடி போட்ட, குரல் கனத்த அம்மாள். இரண்டாவது ஜீப்பிலிருந்து பாறைப் பிரிவின் முனைவர் பெலிக்ஸ் இறங்கினார். மெலிந்த மனிதர், மீசை மட்டும் கனம். இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே ஆள் கிளார்க் ஷீபா. ஒற்றைப்படைத் தேதியில் அந்த ஜீப், இரட்டைப்படைத் தேதியில் இந்த ஜீப் என்று அவள் மாறி மாறி ஏறிக்கொள்வாள்.

ஷீபா ஒரு படிவத்தை எடுத்து முதல் கேள்வியைப் படித்தாள்.

"இந்தக் கெணத்துல யாராச்சும் எதையாச்சும் கொட்டியிருக்கீங்களாக்கா? கொட்டியிருந்தா மூணு வருஷம் உள்ள. சும்மா ஃபார்மாலிட்டிக்குக் கேக்குறதுதான், பயப்படாம சொல்லுங்க."

தோல் எண்ணெய் என்று சொல்ல வாயெடுத்த பரிமளா அப்படியே விழுங்கினாள்.

"இல்லைங்க," என்றாள்.

அவ்வளவுதான். கிணற்றைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டிச் சீல் வைத்தார்கள். எண்ணெய் ஊற்றிலிருந்து இருநூறு மீட்டருக்குள் தீ மூட்டக் கூடாது என்று ஒரு போர்டு நட்டார்கள். அடுப்பு இருந்தது கிணற்றிலிருந்து இருபது அடியில்.

"எப்ப பத்தவைக்கலாம் மேடம்?" என்று கேட்டாள் பரிமளா.

"தோற்றம் தெரிஞ்சவுடனே," என்றார் அன்புமொழி. "உயிர்வழியா பாறைவழியான்னு முடிவாயிருச்சுன்னா, எந்தப் பிரிவோ அந்தப் பிரிவு ஒங்களுக்கு என்.ஓ.சி. குடுத்துரும்."

"அதுக்கு எத்தன நாளாகும்?"

பெலிக்ஸ் முதல் தடவையாகச் சிரித்தார். "அவசரப்படாதீங்கம்மா. வாரியம் ஆரம்பிச்சே முப்பத்தொரு வருஷந்தான் ஆகுது."

பரிமளாவுக்கு அன்றைக்குப் பிடித்த சந்தேகம் பிறகு விடவே இல்லை. எண்ணெய் எங்கிருந்து வந்தால் இவர்களுக்கு என்ன? நாலு ஊருக்கு அங்கிட்டு எண்ணெய் எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப ஜனங்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்த கதை அவளுக்குத் தெரியும். அந்த ஆட்களே வேறு போர்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"நெலத்த அமுக்கத்தான் வந்திருக்காக," என்றாள் புருஷனிடம். "நீங்க எண்ணெக் கம்பெனியிலதான இருந்தீக. என்ன சூதுன்னு சொல்லுங்க."

"நான் கம்பெனி கேன்டீன்ல பருப்புக் கொழம்பு வச்சேன்டி," என்றார் ரெங்கசாமி. "பன்னண்டு வருஷத்துல நான் பாத்த எண்ணெ சூரியகாந்தி எண்ணெதான்."

அவர் சொன்னதை ஊர் நம்பவில்லை. குவைத்தில் பார்த்து வைத்துவிட்டுத்தான் இங்கே வந்து தோண்டியிருக்கிறார், முதுகுவலி என்பது சும்மா என்று பேச்சு ஓடியது. இத்தனை நாள் பரிமளாவோடு சேர்ந்து முந்திரி தட்டிய பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். சிவசாமி டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "பங்குன்னு வந்தா நம்ம கடையும் இருநூறு மீட்டருக்குள்ளதானே வருது, பாத்துக்கத்தா," என்றார். தீக்குத் தடை என்ற பேச்சு வரும்போது மட்டும் அவர் கடை இருநூற்று ஐந்தாவது மீட்டரில் இருந்தது.

மாதிரி எடுக்கிற நாளில் இரண்டு பிரிவும் தனித்தனிப் பாட்டிலோடு வந்தன. அன்புமொழி கையை நேராகக் கிணற்று வாளிக்குள் விட்டு, எண்ணெயைத் தொட்டு, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"தொடாதீங்க மேடம்," என்று பதறினாள் பரிமளா. பச்சைத் தோல் எண்ணெய் பட்டால் கை வெந்து கொப்புளிக்கும். சாம்பலையோ தேங்காய் எண்ணெயையோ பூசிக்கொள்ளாமல் ஓலைவிடுதியில் யாரும் முந்திரியைத் தொட மாட்டார்கள்.

"ஏன்? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அன்புமொழி சட்டென்று.

"இல்லைங்க, கறுப்பா இருக்கேன்னு சொன்னேன்."

அந்த அம்மாள் மட்டும் தொட்டால் அது உயிர்வழி என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் பெலிக்ஸும் தொட்டார். மறுநாள் இரண்டு பேரும் கையில் கட்டோடு வந்து, ஆளுக்கொரு குறிப்பு எழுதினார்கள். பத்துக் கோடி வருஷம் அடைந்துகிடந்த உயிரின் வீரியம் இன்னும் குறையவில்லை என்றது ஒரு குறிப்பு. பூமியின் அடிவயிற்றுச் சூடு இன்னும் ஆறவில்லை என்றது இன்னொன்று. பரிமளா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து பூசிவிட்டாள். ஷீபா அதை 'உள்ளூர் மருத்துவம், தோற்றம் ஆய்வுக்குரியது' என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அன்புமொழி பரிமளாவைத் தனியே கூப்பிட்டார். "உண்மையச் சொல்லுங்க. நாங்க இல்லாத நேரத்துல பெலிக்ஸ் ஆளுங்க ஜீப் டீசல இதுல ஊத்துனாங்களா?"

அதே நாள் பெலிக்ஸ் கொட்டகைக்குப் பின்னால் வந்து, "அந்த அம்மா ஆளுங்க மீன் எண்ணெ டின்னோட சுத்துனதப் பாத்தீங்களாம்மா? உயிர்வழின்னு காட்டுறதுக்கு அவங்க எதுவும் செய்வாங்க," என்றார்.

இரண்டு பேரிடமும் பரிமளா இல்லை என்றாள். தோலைக் கொட்டியவள் எதிரே நிற்கிறாள். அவளை விட்டுவிட்டு ஊரில் மிச்சம் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். அவளுக்கு வாய்விட்டு அழலாம் போலவும் இருந்தது, சிரிக்கலாம் போலவும் இருந்தது. கொட்டகைக்குள் சாக்குச் சாக்காக முந்திரிக் கொட்டை. இன்னொரு மழை பெய்து ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துவிடும். ரோட்டில் கார்கள் நின்று, அணைந்த அடுப்பைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

வைகாசி பிறந்ததும் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. உயிர்ப் பிரிவின் கோரிக்கையைப் பரிசீலிக்க, மேற்படி உயிர்கள் மேற்படி கிராமத்தில் வசித்ததற்கான இருப்பிடச் சான்றும் இறந்ததற்கான சான்றும் வேண்டும். பாறைப் பிரிவுக்கு, மேற்படி கிராமத்தில் எந்த உயிரும் வசிக்கவில்லை என்ற சான்று வேண்டும். இரண்டையும் பரிமளாவே வாங்கித் தர வேண்டும்.

வி.ஏ.ஓ. பெரியண்ணன் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அரசாங்கக் கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிற வயசை அவர் தாண்டியிருந்தார்.

"எத்தன வருஷத்துக்கு முந்தி இருந்துச்சாம்?"

"பத்துக் கோடிங்களாம்."

"கம்ப்யூட்டர்ல வருஷத்துக்கு நாலு எலக்கந்தான் எடுக்கும். ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுன்னு போட்டு வுடுறேன், மிச்சத்த அவங்க கூட்டிக்கிடட்டும். மதம் என்னன்னு கேக்குது."

"கண்ணுக்கே தெரியாததுங்க சார்."

"அப்ப 'குறிப்பிட விரும்பவில்லை'. ரேசன் கார்டு?"

"இல்லைங்க."

"கார்டு இல்லாம இத்தன காலம் எப்புடிக் குடியிருந்துச்சோ," என்று அலுத்துக்கொண்டு முத்திரை குத்தினார். யாரும் வசிக்கவில்லை என்ற சான்றையும் அதே கையோடு குத்திக் கொடுத்தார். இரண்டுக்கும் தேதி ஒன்றுதான். வாரியம் இரண்டையும் சரிபார்த்து ஏற்றுக்கொண்டது.

வைகாசி இருபதில் பொது விசாரணை வைத்தார்கள். ஓலைவிடுதி ஆரம்பப் பள்ளியில் பெஞ்சுகளை ஒதுக்கி, மேடை போட்டு, இரண்டு மைக் கட்டியிருந்தார்கள். ஒரு மைக்கில் இரண்டு கட்சியும் பேசுவது மரபில்லை. ஊர் முழுக்க வந்திருந்தது. நிலம் போகப்போகிறதா, பரிமளா பணக்காரி ஆகப்போகிறாளா என்று பார்க்க வந்த கூட்டம். இரண்டில் எது நடந்தாலும் அதற்குக் கோபமாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் அன்புமொழி. "முப்பத்தொரு வருஷமா நான் ஒரே கருத்துல இருக்கேன். ஆதாரம் கெடைக்கிறதுக்கு முன்னாடியே முடிவுக்கு வந்தவ நான். அந்த உறுதி எத்தன பேருக்கு வரும்?" என்று கேட்டார். உயிர்ப் பிரிவு கை தட்டியது.

அடுத்து பெலிக்ஸ். "சித்தன்னவாசலப் பாருங்க. குடுமியான்மலையப் பாருங்க. இந்த மாவட்டம் பூரா பாறை. பாறை இருக்கிற எடத்துல எண்ணெ இருக்கணும். இதுவரைக்கும் இல்லைங்கிறது பாறையோட தப்பில்ல. அன்புமொழி மேடம் எதச் சொல்றாங்களோ அதுக்கு மாறாச் சொல்லணும்னுதான் எனக்குச் சம்பளம். அத நான் ஒருநாளும் குறையாம செஞ்சிருக்கேன்," என்றார். பாறைப் பிரிவு கை தட்டியது.

பரிமளா எழுந்தாள். வீட்டிலிருந்து ஸ்டவ்வும் சின்ன ஓட்டைச் சட்டியும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் கொண்டுவந்திருந்தாள். நாலு நாள் யோசித்துத்தான் வந்திருந்தாள். மூன்று வருஷம் உள்ளே போனாலும் போகிறது, அடுப்பு அணைந்து வெளியே இருப்பதற்கு அது தேவலை என்று முடிவு செய்திருந்தாள். பள்ளிக்கூடம் கொட்டகையிலிருந்து அரை மைல் என்பதால் தீத்தடை இங்கே செல்லாது. ஸ்டவ்வைப் பற்றவைத்து, இரண்டு கைப்பிடி கொட்டையைச் சட்டியில் போட்டாள். புகை கிளம்பியது. மேடையில் இரண்டு பிரிவும் பாகுபாடில்லாமல் இருமின. தோல் வெந்து, சட்டியின் ஓட்டை வழியாகக் கறுப்பு எண்ணெய் கிண்ணத்தில் சொட்டியது.

"இதாங்க அந்த எண்ணெ," என்றாள். "எங்க மாமியா காலத்துலேர்ந்து தோல அந்தக் கெணத்துலதான் கொட்டுறோம். நாந்தான் கொட்டுனேன். கொட்டலன்னு பொய் சொன்னேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க, அடுப்ப மட்டும் பத்தவைக்க விடுங்க."

ஷீபா படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"மேடம், உயிர்வழி, பாறைவழின்னு ரெண்டு கட்டந்தான் இருக்கு. இத எதுல எழுதுறது?"

அன்புமொழியும் பெலிக்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நடந்தது வாரியத்தின் சரித்திரத்தில் இல்லாதது. இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து தலைமையாசிரியர் அறைக்குள் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரே பிளாஸ்க்கில் இரண்டு பேருக்கும் டீ உள்ளே போனது. முக்கால் மணி நேரம் கழித்துச் சிரித்த முகமாக வெளியே வந்தார்கள்.

"இந்த அம்மா சொன்னத வாரியம் முழு மனசோட ஏத்துக்குது," என்றார் அன்புமொழி. "முந்திரி மரம் ஒரு உயிர். ஆக இது உயிர்வழிங்கிறதுக்கு முதல் கண்கண்ட சாட்சி இவங்கதான்."

"மரம் நிக்கிறது செம்பாறை மண்ணுல," என்றார் பெலிக்ஸ். "பாறையில இருக்கிறதத்தான் வேர் உறிஞ்சிக் குடுக்குது. ஆக இது பாறைவழிங்கிறதும் நிரூபணம். ரெண்டு தரப்புக்கும் இப்பத்தான் உண்மையான விவாதமே ஆரம்பிக்குது."

"பத்துக் கோடி வருஷம் புடிக்கிற வேலைய இவங்க ரெண்டு தலைமுறையில முடிச்சிருக்காங்க," என்றார் அன்புமொழி, கண் கலங்கி. "வாரியத்தக் கலைச்சிரலாமான்னு போன மாசந்தான் மேலேர்ந்து லெட்டர் வந்துச்சு. இனிமே எப்புடிக் கலைப்பாங்க? தோற்றம் நம்ம கண்ணு முன்னால நடந்துக்கிட்டிருக்கு. கூடவே இருந்து பாக்க ஆள் வேணாமா?"

பரிமளாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப அந்த மூணு வருஷம்?" என்றாள்.

"எந்த மூணு வருஷம்?"

"கெணத்துல கொட்டுனதுக்கு."

"நீங்க கொட்டலம்மா," என்றார் பெலிக்ஸ் கனிவாக. "தோற்றுவிச்சிருக்கீங்க."

நாலாம் நாள் ஷீபா ஆணையைக் கொண்டுவந்து கொட்டகையில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். 'மேற்படி பரிமளா, க/பெ ரெங்கசாமி என்பார், தினந்தோறும் அடுப்பு மூட்டி எண்ணெய்த் தோற்ற நிகழ்வைத் தடையின்றி நடத்த வேண்டியது. தோல் அரசுடைமை, வழக்கம்போல் கிணற்றில் சேர்க்க வேண்டியது. நிகழ்வின்போது வெளிப்படும் பருப்பு எனப்படும் கழிவை மேற்படியார் தம் சொந்தப் பொறுப்பில் அன்றன்றே அப்புறப்படுத்த வேண்டியது. இவ்வாணை உயிர்வழியா பாறைவழியா என்ற விவாதம் தீரும்வரை மட்டுமே செல்லும். தீர்ந்த மறுநாள், கிணறும் கொட்டகையும் அமைந்த நிலம் வென்ற பிரிவின் வசம் சேரும்.'

பரிமளா மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"கழிவுன்னா பருப்பா?"

"ஆமாக்கா. எண்ணெதான் பொருளு, மிச்சமெல்லாம் கழிவு. எனக்கு அரைக் கிலோ கழிவு குடுங்க, உடையாததா."

"கடைசியில என்னமோ வருதே, தீர்ந்த மறுநாளுன்னு. அதத் திருப்பிப் படி."

ஷீபா படித்தாள். பரிமளா கேட்டாள். தான் முதல் நாளே சந்தேகப்பட்டது இந்தக் கடைசி வரியைத்தான் என்று அவளுக்கு விளங்கியது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு இரண்டு ஜீப்பும் வந்துவிடும். சட்டியிலிருந்து எண்ணெய் சொட்டும்போதெல்லாம் ஒரு நோட்டில் 'உயிர்' என்றும் இன்னொரு நோட்டில் 'பாறை' என்றும் குறித்துக்கொள்வார்கள். அரசாங்க ஜீப் நிற்கிற கடை என்று கார்க்காரர்களும் நம்பி நிறுத்தினார்கள். சாக்குகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முந்திரி தட்டப் பழைய பெண்களும் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆனியில் ஒரு நாள், வெயில் ஏறுகிற நேரம், பெலிக்ஸ் கொட்டகை ஓரமாகச் சாக்கின்மேல் உட்கார்ந்து சூடான கழிவைக் கொறித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை.

"யோசிச்சுப் பாத்தா அன்புமொழி மேடம் சொல்றதுலயும் ஞாயம் இருக்குதோன்னு தோணுதும்மா," என்றார் மெதுவாக. "எனக்கு இன்னும் நாலு மாச சர்வீஸ்தான். போறப்பவாவது ஒத்துக்கிட்டுப் போயிரலாம்னு பாக்குறேன். எண்ணெ உயிர்லேர்ந்துதான் வந்திருக்கும்போல."

பரிமளாவின் கரண்டி நின்றது. மூன்று மாசச் சீசன், கொட்டகை, கிணறு, காலடியில் இருக்கிற மண் எல்லாம் அந்தச் சோர்ந்த மனிதரின் மீசைக்கு அடியிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் குந்தினாள்.

"என்ன சார் இப்புடிச் சொல்லிப்புட்டீங்க, படிச்சவுக. உயிரு செத்தா நாறும்ல. இது நாறுதா? மோந்து பாருங்க. எனக்கென்னமோ கல்லு வாசந்தான் அடிக்குது."

பெலிக்ஸ் கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்து பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "ஆமாம்மா," என்று சொல்லி நோட்டைப் பிரித்தார்.

பரிமளா அவர் எழுதத் தொடங்கும்வரை பார்த்திருந்தாள். பிறகு ஒரு தட்டில் பருப்பை அள்ளிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஜீப் நிழலில் உட்கார்ந்திருந்த அன்புமொழி மேடத்துக்கும் ஒரு வார்த்தை தெம்பு சொல்லிவரக் கிளம்பினாள்.